குண்டு பாய்ந்த பிறகு

கௌபாய் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜெய்சங்கர்தான். 1972-இல் வந்த ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ படங்களில், கர்ணனின் இயக்கத்தில், தொப்பியும் பூட்ஸுமாகக் குதிரையேறி அவர் சுட்ட சூட்டில் சேலத்துக் கொட்டகையே அதிர்ந்தது. அதை விட்டால் சிவகாசியிலிருந்து வந்த சித்திரக்கதைப் புத்தகங்கள். லயன் காமிக்ஸின் டெக்ஸ் வில்லரை என் பிள்ளைகள் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்ததும், அவர்கள் தூங்கிய பிறகு அதே புத்தகத்தை நான் எடுத்துப் படித்ததும் எங்கள் வீட்டு ரகசியம். அந்த உலகத்தில் ஒரு நியதி உண்டு. கெட்டவன் மீது குண்டு பாய்ந்ததும் கதை முடிந்துவிடும். நல்லவன் துப்பாக்கிக் குழலை ஊதிவிட்டுக் குதிரையில் ஏறிப் போய்க்கொண்டே இருப்பான்.

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த பெரியவன், பழைய அமெரிக்க வானொலி நாடகங்கள் நூற்றுக்கணக்கில் அடங்கிய ஒரு பென்டிரைவைக் கொடுத்து, “அப்பா, இதுவும் கௌபாய்தான். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இருக்காது” என்றான். ஞாயிறு பிற்பகல்களில் ரேடியோப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவன் நான். படம் இல்லாமல் குரலை மட்டும் கேட்டு அழவும் சிரிக்கவும் எங்கள் தலைமுறைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் குதிரையும் துப்பாக்கியும் கண்ணுக்குத் தெரியாமல் என்ன கௌபாய் கதை என்று சற்று அலட்சியமாகத்தான் ஆரம்பித்தேன்.

நாடகத்தின் பெயர் ‘கன்ஸ்மோக்’, துப்பாக்கிப் புகை என்று பொருள். சி.பி.எஸ். வானொலியில் 1952 ஏப்ரல் 26 அன்று தொடங்கி 1961 ஜூன் வரை ஓடியது. ஒவ்வொரு நாடகமும் அரை மணி நேரம், ஒவ்வொன்றும் தனிக்கதை. இயக்கியவர் நார்மன் மெக்டொனல். கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் ஜான் மெஸ்டன். கதை நடக்கும் இடம் கான்சஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டி, காலம் 1870-கள். நிஜமாகவே இருக்கிற ஊர் அது. 1872-இல் அங்கே ரயில் வந்தது. பிறகு டெக்சாஸிலிருந்து மாட்டு மந்தைகளை நடத்திக்கொண்டு வந்து அங்கே ரயிலேற்றிக் கிழக்கே அனுப்பினார்கள். மாதக்கணக்கில் தூசியிலும் வெயிலிலும் மந்தையோடு நடந்து, கைநிறையக் கூலியோடு வந்து இறங்கும் இளவட்டங்கள். அவர்களுக்காகவே திறந்து வைத்திருக்கும் சாராயக் கடைகளும் சூதாட்ட மேசைகளும். அப்படிப்பட்ட ஊரில் சட்டத்தைக் காப்பாற்ற வேண்டிய மார்ஷல் வேலையில் இருப்பவர் மேட் டில்லன். இவர் மட்டும் கற்பனை.

அதற்கு முன்பும் அமெரிக்க வானொலியில் கௌபாய்கள் இருந்தார்கள். 1933-இல் டெட்ராய்ட் நகரத்து நிலையம் ஒன்றில் தொடங்கிய ‘லோன் ரேஞ்சர்’ அவர்களில் பெரிய ஆள். முகமூடி, வெள்ளைக் குதிரை, வெள்ளித் தோட்டா எல்லாம் உண்டு. யாரையும் கொல்ல மாட்டார், எதிரியின் கையிலிருக்கும் துப்பாக்கியை மட்டும் சுட்டுத் தட்டிவிடுவார்! அந்த வேடத்துக்குக் குரல் கொடுத்த எர்ல் கிரேசர் 1941-இல் கார் விபத்தில் இறந்துபோனார். குரலைத் திடீரென்று மாற்றினால் குழந்தைகள் ஏற்கமாட்டார்களே என்று, கதாநாயகனுக்குப் பலத்த காயம், பேச முடியவில்லை என்று சில நாள் மூச்சுக்காற்றை மட்டும் கேட்கவிட்டு, அதன் பிறகே புதியவரைக் கொண்டுவந்தார்கள். குழந்தைகள் மேல் அவ்வளவு அக்கறை. ஆனால் அந்த நாடகத்தில் எது சரி, எது தப்பு என்று ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டியிருக்காது. முகமூடி போட்டவர் செய்வது சரி, அவ்வளவுதான்.

மெக்டொனலும் மெஸ்டனும் பெரியவர்களுக்கான கௌபாய் நாடகம் செய்ய விரும்பினார்கள். அது எப்படி இருக்கும் என்பது முதல் இரவே எங்களுக்குப் புரிந்துவிட்டது. ஒரு குதிரை வருகிறது. நிற்கிறது. ஒருவர் இறங்கும்போது சேணத்தின் தோல் கிறீச்சிடுகிறது. மரப்பலகை நடைபாதையில் பூட்ஸ் ஒலி, குதிமுள்ளின் கிணுகிணுப்பு, எங்கோ ஒரு நாய். கதவு திறக்கிறது. இத்தனைக்கும் ஒரு வார்த்தை பேச்சு இல்லை. “என்னங்க, குதிரை வந்து இவ்வளவு நேரம் ஆச்சு, இன்னும் ஒருத்தரும் வாயைத் திறக்கலையே, மெஷின் ரிப்பேரா?” என்று கேட்டாள் என் மனைவி. ரிப்பேர் இல்லை. மெக்டொனலின் பாணி அது. ஒரு மனிதன் தெருவைக் கடக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நாமும் கூடவே நடக்க வேண்டும். டாம் ஹான்லி, ரே கெம்பர் முதலான ஒலிக் கலைஞர்கள் அதற்காகவே உழைத்தார்கள். அதனால் என்ன ஆகிறது தெரியுமா? கடைசியில் துப்பாக்கி வெடிக்கும்போது நாம் உட்கார்ந்த இடத்தில் துள்ளிப்போகிறோம். விழுந்தவன் யார், அவன் பெண்டாட்டி எங்கே இருக்கிறாள் என்றெல்லாம் மனம் கேட்க ஆரம்பித்துவிடுகிறது.

டில்லனுக்குக் குரல் கொடுத்தவர் வில்லியம் கான்ராட். கனத்த, களைத்த குரல். ஒவ்வொரு வாரமும் தொடக்கத்திலேயே, தன் வேலை மனிதனைச் சதா விழிப்பாகவும் கொஞ்சம் தனியாகவும் ஆக்கிவிடுகிறது என்று அவரே சொல்லிக்கொள்வார். வீரம் பேசுகிற கதாநாயகனை எதிர்பார்த்தவனுக்கு அது முதல் அதிர்ச்சி. உதவியாள் செஸ்டராகப் பார்லி பேர், கிட்டியாக ஜார்ஜியா எல்லிஸ், வைத்தியராக ஹோவர்ட் மெக்நியர். ஆரம்ப நாடகங்களில் இந்த வைத்தியர், ஊரில் யாராவது செத்தால் பிரேதப் பரிசோதனைக் கூலி கிடைக்குமே என்று உற்சாகமாக வந்து நிற்பார். நமக்குச் சிரிப்பு வரும், சிரித்த பிறகு சங்கடமாகவும் இருக்கும்.

இனி அந்தக் கதைகளுக்கு வருகிறேன். 1952-இல் கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள் ஒலிபரப்பான நாடகம் ‘தி கேபின்’. நல்ல நாளும் அதுவுமாக வேறு யாராவது இப்படி ஒரு கதையை வீடுகளுக்குள் அனுப்புவார்களா என்று இன்றும் எனக்கு வியப்பு. பனிப்புயலில் வழி தவறிய டில்லன் ஒரு மரக்குடிசைக் கதவைத் தட்டுகிறார். உள்ளே இரண்டு முரடர்கள். அவர்களிடம் சிக்கிய ஓர் இளம்பெண். அவளுடைய அப்பாவை அவர்கள் கொன்றுவிட்டார்கள். அவளை என்ன செய்தார்கள் என்பதை நாடகம் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவள் குரலே சொல்லிவிடுகிறது. இருவரையும் டில்லன் கொல்கிறார். ஜெய்சங்கர் படமாக இருந்தால் இங்கே ‘வணக்கம்’ போட்டிருப்பார்கள். இங்கேயோ அதற்குப் பிறகுதான் கதை. இனித் தனக்கு மரியாதையான வாழ்க்கை இல்லை என்று அந்தப் பெண் முடிவு கட்டிவிட்டாள். அதற்கு டில்லனிடம் என்ன பதில் இருக்கிறது? அவள் அவரைப் பற்றிக் கேட்கும்போது, தன் வேலையில் இருப்பவன் கல்யாணம் செய்துகொள்வது நியாயமில்லை என்ற எண்ணத்தைத்தான் சொல்ல முடிகிறது. நீதி வழங்கியாயிற்று. ஆனால் அநீதிக்கு ஆளானவளுக்கு அதில் ஒரு பிடிச் சோறுகூடக் கிடைக்கவில்லை.

‘ஹோம் சர்ஜரி’ என்று இன்னொன்று. சமவெளியில் ஆளில்லாத தூரத்தில் ஒரு வீடு. குடும்பத் தலைவருக்குக் கால் அழுகிப்போயிருக்கிறது. வைத்தியர் எட்டாத தொலைவில். காலை வெட்டாவிட்டால் சாவு நிச்சயம், வெட்டினாலும் பிழைப்பார் என்ற உறுதி இல்லை. டில்லன் வைத்தியம் படித்தவரல்ல. கையை வைத்து அவர் செத்தால் பழி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் பழி. அவர் கையை வைக்கிறார். மனிதர் பிழைக்கவில்லை. அந்த மகளின் முகத்தை நாம் பார்க்க முடியாது என்பது வானொலியின் குறை என்று நினைத்தேன். இல்லை, அதுதான் அதன் பலம். எனக்கு என் அத்தை மகளின் முகம் தெரிந்தது. உங்களுக்கு வேறு யாருடைய முகமாவது தெரியும்.

கிட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். சாராயக் கடையில் வேலை செய்யும் பெண். டில்லனுக்கு அவள்மேல் பிரியம் உண்டு. ஒரு நாள் ஊர் நடனத்துக்கு அவளை முறைப்படி அழைத்துப் போகிறார். ஆசையோடு வந்தவளை ஊரின் கௌரவமான மாதர்கள் படுத்துகிறபாடு இருக்கிறதே! துப்பாக்கியால் சுடத்தக்க குற்றம் எதுவும் அங்கே நடக்கவில்லை. ஊரே பயப்படும் மார்ஷல் அந்தக் கூடத்தில் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிறார். இதைக் கேட்டுவிட்டு என் மனைவி, நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் விதவைகளையும், தள்ளி வைக்கப்பட்டவர்களையும் நடத்திய விதம் பற்றி அரை மணி நேரம் பேசினாள். அந்த அரை மணி நேரத்தில் பாதி என் குடும்பத்தைப் பற்றியது. நான் வாய் திறக்கவில்லை.

குறைகளும் உண்டு. அந்த நிலத்துக்கு உரியவர்களான செவ்விந்தியர்களுக்கு இந்த நாடகங்களில் பெரும்பாலும் வெள்ளைக்கார நடிகர்களே குரல் கொடுத்தார்கள். லோன் ரேஞ்சரின் தோழன் டோன்டோவாக ஆண்டுக்கணக்கில் பேசிய ஜான் டாட் என்பவரும் வெள்ளைக்காரர்தான். கொச்சை ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை, அதுவே அவர்களுக்குக் கொடுத்த இடம். கன்ஸ்மோக்கில் நிலைமை இவ்வளவு மோசமில்லை என்றாலும், மற்ற விஷயங்களில் அத்தனை நுட்பமான மனசாட்சி அங்கே சற்று மெத்தனமாகத்தான் இருந்தது என்பது என் அபிப்பிராயம். இன்னொரு வேடிக்கை, இவ்வளவு தர்மசங்கடங்களுக்கும் நடுவே சிகரெட் விளம்பரம் வரும். அதே காலத்தில் ‘தி சிக்ஸ் ஷூட்டர்’ என்ற தொடரில் நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட், ஒரு சிகரெட் கம்பெனி விளம்பரதாரராக வர முன்வந்தபோது, தன் பாத்திரத்துக்குப் பொருந்தாது என்று மறுத்துவிட்டார் என்பார்கள். அந்தத் தொடர் 1953 செப்டம்பரில் தொடங்கி 39 நாடகங்களோடு அடுத்த ஜூனில் முடிந்துபோனது. தயங்கித் தயங்கிப் பேசும் அந்த மனிதருக்காகவே அதையும் கேட்கலாம்.

எங்கள் வீட்டில் சண்டை மூட்டிய நாடகம் 1955-இல் வந்த ‘பிளடி ஹேண்ட்ஸ்’. இரத்தக் கறை படிந்த கைகள். வங்கிக் கொள்ளையர் நால்வரை டில்லன் மடக்குகிறார். சரணடையச் சொல்கிறார். அவர்கள் துப்பாக்கியை எடுக்கிறார்கள். மூவர் செத்து விழுகிறார்கள். சட்டப்படி ஒரு சொல் குற்றம் சொல்ல முடியாது. பிடிபட்ட நாலாவது ஆள், நீ ஒரு கசாப்புக்காரன் என்கிற தோரணையில் அவரைக் குத்திக் காட்டிக்கொண்டே வருகிறான். ஊர் வந்து சேர்ந்ததும் டில்லனுக்கு மனம் கசந்துவிடுகிறது. இனி ஒரு உயிரைக்கூட எடுக்க முடியாது என்று ராஜினாமா செய்துவிடுகிறார். பல ஆண்டுகளில் முதன்முறையாக அவர் குரலில் ஒரு லேசு தெரிகிறது. கான்ராட் அதை எப்படிச் செய்தாரோ!

பிறகு ஒரு நாள் செஸ்டர் வருகிறான். ஒரு போக்கிரி சாராயக் கடைப் பெண் ஒருத்தியைச் சுட்டுக் கொன்றுவிட்டான். அவனை எதிர்க்க ஊரில் ஆளில்லை. செஸ்டர் சாதுவான ஆள், சதா வளவளவென்று பேசி டில்லனிடம் திட்டு வாங்குகிறவன். அவன் கையில் டில்லனுடைய துப்பாக்கி பெல்ட். அவன் சொல்வதன் சாரம் இதுதான்: என்னால் முடிந்தால் நானே செய்துவிடுவேன், எனக்கு அந்தத் திறமை இல்லை, உங்களுக்கு இருக்கிறது, இருக்கிறவர்தான் செய்தாக வேண்டும். டில்லன் பெல்ட்டை வாங்கிக்கொள்கிறார்.

நாடகம் முடிந்ததும் நான் எழுந்து விளக்கைப் போடவில்லை. காரணம் இருக்கிறது.

நான் வேலை பார்த்த நிறுவனத்தில் 1980-களில் என்னைத் துறை விசாரணை அதிகாரியாகப் போட்டிருந்தார்கள். ஊழியர் மீது குற்றச்சாட்டு வந்தால் சாட்சிகளை விசாரித்து, நிரூபணமாயிற்றா இல்லையா என்று அறிக்கை எழுத வேண்டும். தண்டனை மேலிடத்து வேலை. ஒரு முறை ஸ்டோர்ஸில் வேலை பார்த்த ஒருவர், கேன்டீன் கணக்கில் பொய்க் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுத்ததாக வந்தது. எடுத்தது உண்மை. மனைவியின் ஆபரேஷனுக்கு எடுத்ததும் உண்மை. மூன்று மாதத்தில் திருப்பிக் கட்டியதும் உண்மை. என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான், எடுத்தாரா இல்லையா? ‘நிரூபணமாயிற்று’ என்று எழுதினேன். வேலை போயிற்று. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கடைசி நாள் என் மேசைக்கு வந்து, “சார், நீங்க கேட்டது எல்லாத்துக்கும் நான் சரியாத்தானே பதில் சொன்னேன்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்து அந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டேன். மனது லேசானது நிஜம். என் இடத்துக்கு வந்தவர் ஒரே அமர்வில் விசாரணையை முடிக்கிறவர். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யக்கூட விடமாட்டார். அவர் காலத்தில் வேலை இழந்தவர்களில் இரண்டு பேர் தப்பே செய்யாதவர்கள் என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன். அதில் ஒருவர் நம் ஊர்க்காரர். அவருடைய கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இதையெல்லாம் அன்றிரவுதான் பெரியவனிடம் முதன்முறையாகச் சொன்னேன். “செஸ்டர் சொல்வதுதான் சரி அப்பா. உங்களுக்கு நியாயமாக விசாரிக்கத் தெரியும். தெரிந்தவர் விலகினால் தெரியாதவன்தானே வந்து உட்காருவான்?” என்றான். என் மனைவி விடவில்லை. “நீ சும்மா இருடா. அந்த ஸ்டோர்ஸ்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வந்து ஒரு மாசம் இவர் சரியாச் சாப்பிட்டது கிடையாது. உனக்கு என்ன தெரியும்? அந்த மார்ஷலுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை, பெல்ட்டை வாங்கி மாட்டிக்கிட்டான்” என்றாள். நான் அந்த வீட்டுக்குப் போனது அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது.

மெஸ்டன் எந்தப் பக்கம் என்று நாடகத்தை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். பிடி கொடுக்கவில்லை மனிதர். டில்லன் பெல்ட்டை வாங்கிக்கொண்டதில் வெற்றி முழக்கம் எதுவும் இல்லை. விட்டுப்போன பாரத்தை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டவரின் நடையாகத்தான் கேட்கிறது.

1955 செப்டம்பரில் கன்ஸ்மோக் தொலைக்காட்சிக்கும் போனது. அங்கே டில்லன் ஆறடி ஏழங்குல உயரத்து ஜேம்ஸ் ஆர்னஸ். கான்ராட் குட்டையான, பருத்த மனிதர். மூன்று ஆண்டு அந்தப் பாத்திரமாகவே வாழ்ந்தவருக்கு உருவம் சரியில்லை என்று வேடம் கிடைக்கவில்லை. வானொலியில் மட்டும் 1961 வரை தொடர்ந்து பேசினார். தொலைக்காட்சித் தொடர் 1975 வரை இருபது ஆண்டு ஓடியது. அதையும் சில பார்த்தேன். ஆர்னஸ் கம்பீரமானவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவரைப் பார்த்ததும் இவர் ஜெயித்துவிடுவார் என்று தெரிந்துவிடுகிறது. கான்ராடின் குரலைக் கேட்கும்போது அது தெரிவதில்லை.

பெரியவன் ஊருக்குத் திரும்பிவிட்டான். போகும்போது பென்டிரைவை டி.வி.யின் பின்னால் செருகி, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அவன் அம்மாவிடம் காட்டிவிட்டுப் போனான், என்னை நம்பாமல். நேற்றிரவும் அதே நாடகத்தைத்தான் போடச் சொன்னேன். போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டாள். செஸ்டர் பெல்ட்டை நீட்டுகிற இடம் வந்ததும், பால் காய்ச்ச வேண்டும் என்று எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.